மாதுளையால் ஏறாத ஹீமோகுளோபின்: சிறுநீரக நோயில் ரத்தசோகையும் அதன் சிகிச்சையும்

டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே காத்திருக்கும் உறவினர்களிடம் பேச்சுக் கொடுத்தால் மூன்று யோசனைகள் திரும்பத் திரும்பக் காதில் விழும். "ரத்தம் கம்மியா இருக்கு, மாதுளையும் பேரீச்சையும் நல்லாக் கொடுங்க" என்பது முதலாவது. "எதுக்கு இந்த ஊசியெல்லாம்? ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்திட்டா சரியாப் போயிடும்" என்பது இரண்டாவது. ஊசி போட்டு ஹீமோகுளோபின் 8-லிருந்து 11-க்கு வந்துவிட்டவரிடம், "அதான் ஏறுதே, இன்னும் கொஞ்சம் சேத்துப் போட்டு 14 ஆக்கிடலாமே" என்பது மூன்றாவது.

மூன்றுமே அக்கறையில் சொல்லப்படுபவைதான். ஆனால் முதலாவது பொட்டாசியத்தை ஏற்றும். இரண்டாவது பிற்பாடு மாற்றுச் சிறுநீரகம் கிடைப்பதைச் சிக்கலாக்கும். மூன்றாவது பக்கவாதம் வரை கொண்டுபோய்விடும். சாதாரண ரத்தசோகையில் பலிக்கும் வைத்தியம் சிறுநீரக நோயில் ஏன் பலிப்பதில்லை என்று தெரிந்துகொண்டால், மருத்துவர் எழுதித்தரும் பரிசோதனைகளும் ஊசிகளும் எந்த வரிசையில் வருகின்றன, ஏன் என்பதும் விளங்கிவிடும்.

எந்த எண்ணுக்குக் கீழே ரத்தசோகை?

ஹீமோகுளோபின் என்பது சிவப்பணுக்களுக்குள் இருக்கும் இரும்பு கலந்த புரதம்; நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு போய் உடம்பெங்கும் இறக்குவது அதன் வேலை. 100 மில்லி ரத்தத்தில் அது எத்தனை கிராம் இருக்கிறது என்பதைத்தான் ரிப்போர்ட்டில் எண்ணாகப் போடுகிறார்கள். ஆண்களுக்கு 13-க்குக் கீழேயும், கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழேயும் இருந்தால் ரத்தசோகை.

நாள்பட்ட சிறுநீரக நோய் என்றால் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் சிறுநீரகப் பாதிப்பு. சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி வடிகட்டுகிறது என்ற மதிப்பீட்டை ரிப்போர்ட்டில் 'இ-ஜிஎஃப்ஆர்' என்று குறிப்பிடுவார்கள். அது 60-க்குக் கீழே இறங்கும்போதே சிலருக்கு ஹீமோகுளோபின் குறையத் தொடங்கும். 30-க்குக் கீழே போனால் பலருக்கும் குறைந்துவிடும். சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இது முன்கூட்டியே வரும். பரம்பரையாக வரும் நீர்க்கட்டிச் சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் ஓரளவு தப்பிப்பார்கள். சிறுநீரகம் கெடக் கெட ரத்தத்தில் ஏறும் கழிவான கிரியேட்டினின் 6, 7 என்று இருந்தும் ஹீமோகுளோபின் 12 இருப்பது அவர்களிடம் அரிதல்ல.

குறைவு மெதுவாக வருவதால் உடம்பு பழகிக்கொள்கிறது. 7 வைத்துக்கொண்டு "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்று நடந்துவருபவர்கள் உண்டு. படியேறினால் மூச்சு வாங்குவது, எப்போதும் குளிர்வது, எதிலும் மனம் நிலைக்காதது எல்லாவற்றையும் வயதின் மேலோ டயாலிசிஸின் மேலோ போட்டுவிடுவார்கள். அந்தக் காலம் முழுவதும் இதயம் மட்டும் கூடுதலாக உழைக்கிறது. அதன் இடது கீழறைச் சுவர் தடித்துக்கொண்டே போகிறது.

ஆர்டர் வராத செங்கல் சூளை

ஒரு செங்கல் சூளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, மண்ணும் இருக்கிறது. ஆனால் இத்தனை கல் வேண்டும் என்று ஆர்டர் வந்தால்தான் வேலை நடக்கும். ஆர்டர் வராவிட்டால் அச்சில் வார்த்த பச்சைக் கல்கூடச் சுடப்படாமல் மழையில் கரைந்துவிடும்.

நம் உடம்பில் சூளை என்பது எலும்பு மஜ்ஜை. நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களை அது செய்து அனுப்புகிறது. அதற்கு ஆர்டர் கொடுப்பது சிறுநீரகம். அந்த ஆர்டர் ஒரு ஹார்மோன். பெயர் எரித்ரோபொய்ட்டின், சுருக்கமாக இபிஓ. சிறுநீரகத்தின் நுண்குழாய்களுக்கு இடையே இருக்கும் சில செல்கள், தங்களுக்கு வந்து சேரும் ஆக்சிஜனை அளந்துகொண்டே இருக்கின்றன. ஆக்சிஜன் குறைந்தால் உடனே இபிஓவைக் கூட்டி ரத்தத்தில் விடுகின்றன. மஜ்ஜையில் பாதி வளர்ந்த நிலையில் இருக்கும் செல்கள் பிழைத்து முழுச் சிவப்பணுவாக ஆவதற்கு இபிஓ வேண்டும். அது இல்லையென்றால் அவை அந்தக் கட்டத்திலேயே இறந்துவிடும், சுடாத பச்சைக் கல்லைப் போல.

சிறுநீரகம் தழும்பேறிச் சுருங்கும்போது அந்த அளக்கும் செல்களும் தழும்புத் திசுவாகவே மாறிப்போகின்றன. ஹீமோகுளோபின் 8-க்கு வந்துவிட்டது என்றால் ஆரோக்கியமான சிறுநீரகம் இபிஓவைப் பல மடங்கு கூட்டியிருக்கும். நோயுற்ற சிறுநீரகத்தால் அது முடிவதில்லை. போதாக்குறைக்கு, செய்துமுடித்த சிவப்பணுவின் ஆயுளும் குறைகிறது. சாதாரணமாக 120 நாள் வாழ வேண்டியது, கழிவுகள் தேங்கிய ரத்தத்தில் 60 முதல் 90 நாளில் முடிந்துவிடுகிறது.

மண் இருக்கிறது, கிடங்கு பூட்டியிருக்கிறது

அடுத்த சிக்கல் இரும்பில். சூளைக்கு மண் எப்படியோ அப்படி ஹீமோகுளோபினுக்கு இரும்பு. டயாலிசிஸ் செய்பவர்களுக்கு இரும்பு வெளியேறும் வழிகள் பல. ஒவ்வொரு முறையும் ரத்தத்தை வடிகட்டும் டயலைசரிலும் குழாயிலும் கொஞ்சம் ரத்தம் தங்கிவிடுகிறது, ஊசி எடுத்த இடத்தில் கசிகிறது, பரிசோதனைக்கு எடுக்கிறார்கள். ஆண்டுக்கு 1 முதல் 2 கிராம் இரும்பு இப்படிப் போகும். குடல் ஒரு நாளைக்கு உறிஞ்சக்கூடியது 1 முதல் 2 மில்லிகிராம்தான் என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய பள்ளம் என்று தெரியும்.

இரும்பு கையிருப்பில் இருந்தும் பயன்படாமல் போவதும் உண்டு. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் இரும்புக் கிடங்கின் காவல்காரர். அது கூடினால் குடலிலிருந்து இரும்பு ரத்தத்துக்குள் நுழையும் கதவும், சேமிப்புச் செல்களிலிருந்து வெளியே வரும் கதவும் சேர்ந்து மூடிக்கொள்ளும். உடம்பில் அழற்சி இருந்தால் ஹெப்சிடின் கூடும். அதை வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்கும் பங்கு இருப்பதால், சிறுநீரகம் கெட்டாலும் தேங்கும். இதனால்தான் இரும்பு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியும் சிலருக்கு எண் அசைவதில்லை.

இதை ரிப்போர்ட்டில் கண்டுபிடிக்க இரண்டு எண்கள் போதும். ஃபெரிட்டின், கிடங்கில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவது. டிசாட் எனப்படும் டிரான்ஸ்ஃபெரின் செறிவு, இரும்பைச் சுமந்து மஜ்ஜைக்குப் போகும் வண்டிகளில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று காட்டுவது. சீரம் இரும்பை மொத்தச் சுமக்கும் திறனால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் டிசாட் கிடைக்கும். இரும்பு 45, சுமக்கும் திறன் 250 என்றால் டிசாட் 18 சதவீதம். 20-க்குக் கீழே இருப்பதால் இது குறைவு. அதே ஆளுக்கு ஃபெரிட்டின் 450 இருக்கலாம். "ஃபெரிட்டின் நிறைய இருக்கே, இரும்பு எதுக்கு?" என்று கேட்கத் தோன்றும். ஃபெரிட்டின் காய்ச்சலிலும் அழற்சியிலும் பொய்யாக ஏறும் எண் என்பதால் அதை மட்டும் நம்பி இரும்பை நிறுத்துவது தவறு.

இதுவரை பார்த்தது: சிறுநீரக நோயில் ரத்தம் குறைவதற்கு முக்கியக் காரணம் ஆர்டர் குறைவது, அதாவது இபிஓ குறைவு. கூடவே இரும்பு வெளியேறுகிறது, இருக்கும் இரும்பும் பூட்டப்படுகிறது, சிவப்பணு சீக்கிரம் சாகிறது. சாப்பாட்டுக் குறைவு இந்தப் பட்டியலில் கடைசியில்தான் வரும்.

ஊசிக்கு முன் பார்க்க வேண்டியவை

சிறுநீரக நோயாளிக்கு வரும் ரத்தசோகை எல்லாமே சிறுநீரகத்தால் வந்தது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வலி மாத்திரையாலோ ஆஸ்பிரினாலோ வயிற்றில் புண் வந்து கசிந்துகொண்டிருக்கலாம். பெண்களுக்கு மாதவிலக்கில் அதிகம் போகலாம். கொக்கிப்புழு, தலசீமியா குறைபாடு, பி12 குறைவு எதுவும் இருக்கலாம். கிரியேட்டினின் 2-தான், ஆனால் ஹீமோகுளோபின் 7 என்றால் சந்தேகப்பட வேண்டும். மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் சிறுநீரகத்தையும் மஜ்ஜையையும் ஒருசேரக் கெடுக்கும்.

ஆகவே முழு ரத்த எண்ணிக்கை, ரெட்டிகுலோசைட் எனப்படும் இளம் சிவப்பணுக்களின் எண்ணிக்கை, ஃபெரிட்டின், டிசாட், பி12, ஃபோலிக் அமிலம் ஆகியவை முதல் சுற்றிலேயே வேண்டும். ரத்தசோகை இருந்து டயாலிசிஸ் செய்பவர்களுக்கு ஹீமோகுளோபினை மாதம் ஒரு முறையும், டயாலிசிஸ் தேவைப்படாதவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவதும் பார்க்க வேண்டும்.

ரத்தம் எடுக்கும் நேரமும் முக்கியம். டயாலிசிஸுக்கு முன் 3 கிலோ நீர் சேர்ந்திருந்தால் ரத்தம் நீர்த்து எண் குறைவாகத் தெரியும். முடிந்த பிறகு எடுத்தால் கெட்டிப்பட்டுக் கூடுதலாகத் தெரியும். ஒரு மாதம் முன்பும் அடுத்த மாதம் பின்பும் எடுத்துவிட்டு "ஒரே மாசத்துல 1 கிராம் ஏறிடுச்சு" என்று மகிழ்வதில் அர்த்தமில்லை. எப்போதும் டயாலிசிஸுக்கு முன், வாரத்தின் நடுவில் வரும் முறையில் எடுத்தால் ஒப்பிட முடியும். இரும்பு ஊசி போட்டபின் ஃபெரிட்டின் பார்க்க ஒரு வாரமாவது போக வேண்டும்.

முதலில் இரும்பு

மண் இல்லாத சூளைக்கு ஆர்டர் மேல் ஆர்டர் அனுப்பிப் பயனில்லை. இபிஓ ஊசி விலை கூடியது, இரும்பு மலிவானது என்பதும் ஒரு காரணம்; இரும்பை நிரப்பினாலே சிலருக்கு இபிஓ தேவைப்படாது, பலருக்கு அதன் அளவு குறையும். பன்னாட்டுச் சிறுநீரக வழிகாட்டி அமைப்பான கேடிகோ 2012-இல் வெளியிட்ட நெறிமுறை, டிசாட் 30 சதவீதத்துக்குள்ளும் ஃபெரிட்டின் 500-க்குள்ளும் இருந்தால் இரும்பு கொடுத்துப் பார்க்கலாம் என்றது. சாதாரண ஆட்களுக்கு ஃபெரிட்டின் 30-க்குக் கீழே போனால்தான் இரும்புக் குறைவு என்போம். இங்கே அளவுகோலே வேறு.

டயாலிசிஸ் தொடங்காதவர்கள் ஒன்று முதல் மூன்று மாதம் மாத்திரையில் முயலலாம். 100 மில்லிகிராம் இரும்புள்ள ஃபெரஸ் அஸ்கார்பேட் மாத்திரை நம் மருந்துக்கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது. மாத்திரை தோற்பதற்குப் பாதிக் காரணம் அதைப் போடும் விதம். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை, பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் மாத்திரை இவற்றோடு போட்டால் இரும்பு உள்ளே போகாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தினமும் காலையில் போடும் பான்டோபிரசோல் போன்ற அமிலக் குறைப்பிகளும் உறிஞ்சுதலைக் கெடுக்கும். மலம் கறுப்பாகப் போவது இரும்பால்தான், பயமில்லை. ஆனால் தார் போலப் பிசுபிசுத்து நாற்றத்தோடு போனால் அது ரத்தக் கசிவு. உடனே காட்ட வேண்டும்.

டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு நரம்பு வழி இரும்புதான். அதிகம் பயன்படுவது அயர்ன் சுக்ரோஸ். டயாலிசிஸ் ஓடும்போதே ஒரு முறைக்கு 100 மில்லிகிராம் என்று பத்து முறையில் 1,000 மில்லிகிராம் முடிப்பது வழக்கமான முறை. நார்மல் சலைனில் மட்டுமே கலக்க வேண்டும். குளுக்கோஸில் கலக்கக் கூடாது. 100 மில்லி சலைனில் கலந்தால் குறைந்தது 15 நிமிடமாவது ஓட வேண்டும். வேகமாக விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து வியர்க்கும், வாயில் உலோகச் சுவை தெரியும், வயிற்றைப் பிடித்து இழுக்கும். இதைப் பலர் 'அலர்ஜி' என்று எழுதிவைத்து ஆயுள் முழுக்க இரும்பே வேண்டாம் என்றாக்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது வேகத்தின் குற்றம். உண்மையான ஒவ்வாமை என்றால் தடிப்பு, இளைப்பு, முகவீக்கம் வரும். அது அரிது, ஆனாலும் முதலுதவி மருந்துகள் உள்ள இடத்தில்தான் இரும்பு ஊசி போட வேண்டும், அரை மணி நேரம் கவனிக்க வேண்டும். பழைய அயர்ன் டெக்ஸ்ட்ரானில் இந்த அபாயம் கூடுதல் என்பதால்தான் அதற்குச் சோதனை அளவு தேவைப்பட்டது.

டயாலிசிஸுக்குப் போகாதவர்களுக்குப் பல முறை ஊசி குத்துவதைவிட, ஒரே முறையில் 500 அல்லது 1,000 மில்லிகிராம் ஏற்றக்கூடிய ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் வசதியானது. நாளை ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைக்கும் இணைப்பு, போட வேண்டிய கையின் ரத்த நாளங்களைக் காப்பாற்ற அது உதவும். எந்த ஊசியானாலும் முழங்கை மடிப்பிலோ முன்கையிலோ குத்தவிடாமல், புறங்கையில் போடச் சொல்லுங்கள். இந்த மருந்து சிலருக்கு ரத்தத்தில் பாஸ்பேட்டைக் குறைக்கும். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களிடம் இதைக் கவனிக்க வேண்டும்.

எவ்வளவு இரும்பு அதிகம்? பிரிட்டனில் இயந்திரத்தில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் 2,141 நோயாளிகளை வைத்து நடந்து 2019-இல் வெளியான பிவோட்டல் ஆய்வில், ஃபெரிட்டின் 700-ஐயோ டிசாட் 40 சதவீதத்தையோ தாண்டாதவரை மாதம் 400 மில்லிகிராம் கொடுத்தார்கள். தட்டுப்பாடு வரும்போது மட்டும் கொடுத்த குழுவைவிட இவர்களுக்கு இதய நோயும் மரணமும் குறைவாக இருந்தன, இபிஓவும் குறைவாகத் தேவைப்பட்டது. ஒரே ஒரு தடை கண்டிப்பானது: காய்ச்சல், கழுத்தில் போட்ட டயாலிசிஸ் குழாயில் தொற்று என்று உடம்பில் கிருமி பரவியிருக்கும்போது நரம்பு வழி இரும்பு வேண்டாம். கிருமிக்கும் இரும்பு உணவுதான்.

பிறகு இபிஓ ஊசி

1977-இல் யூஜின் கோல்ட்வாசரின் சிகாகோ ஆய்வகம், கடும் ரத்தசோகை உள்ள ஜப்பானிய நோயாளிகளிடம் சேகரித்த 2,550 லிட்டர் சிறுநீரிலிருந்து சில மில்லிகிராம் இபிஓவைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தது. அதை வைத்து ஃபூ-குவென் லின் என்ற விஞ்ஞானி இபிஓவுக்கான மரபணுவைக் கண்டெடுக்க, 1989-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பு டயாலிசிஸ் நோயாளிகள் ரத்தம் ஏற்றிக்கொண்டே காலம் தள்ளினார்கள். இரும்பு மிகையும் கல்லீரல் தொற்றும் அதோடு வந்தன.

டயாலிசிஸில் உள்ளவர்களுக்கு ஹீமோகுளோபின் 9-க்கும் 10-க்கும் இடையே வரும்போதே ஊசியைத் தொடங்குவது வழக்கம்; 9-க்குக் கீழே விழவிடுவதில்லை. டயாலிசிஸ் தேவைப்படாதவர்களுக்கு 10-க்குக் கீழே வந்தபின், விழும் வேகத்தையும் தொந்தரவையும் பார்த்து முடிவெடுப்பார்கள். புற்றுநோய் உள்ளவர்களுக்கும் முன்பு பக்கவாதம் வந்தவர்களுக்கும் இரண்டு முறை யோசிக்க வேண்டும். ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லையென்றால் முதலில் அதைச் சரிசெய்த பிறகே ஊசி.

அளவு எடையைப் பொறுத்தது. சாதாரண இபிஓவை கிலோவுக்கு 50 யூனிட், வாரம் மூன்று முறை என்று வைத்தால் 60 கிலோ ஆளுக்கு வாரம் 9,000 யூனிட். 4,000 யூனிட் ஊசியை வாரம் இரண்டு முறையோ, 10,000 யூனிட்டை வாரம் ஒரு முறையோ போடுவது இந்தக் கணக்கில் வருவதுதான். டார்பிபொய்ட்டின் என்ற இன்னொரு வகை இபிஓ நீண்ட நேரம் உடம்பில் தங்கும், கிலோவுக்கு 0.45 மைக்ரோகிராம் வாரம் ஒரு முறை, அதாவது அதே ஆளுக்கு ஏறக்குறைய 25 மைக்ரோகிராம் ஊசி ஒன்று. மாதம் ஒரு முறை போதும் என்ற வகையும் உண்டு. சாதாரண இபிஓவைத் தோலுக்கடியில் போட்டால் நரம்பில் போடுவதைவிட நாலில் ஒரு பங்கு குறைவாகவே போதும். வயிற்று வழி டயாலிசிஸை வீட்டில் செய்பவர்களுக்குத் தோலுக்கடியில்தான்.

ஊசி வீணாவது பெரும்பாலும் வழியில்தான். இது 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய புரதம். ஃப்ரீஸரில் வைத்து உறைந்தாலும், மே மாத வெயிலில் பஸ்ஸில் கைப்பையில் கொண்டுவந்தாலும் கெட்டுவிடும்; பார்த்தால் நிறம் மாறாது, வேலை மட்டும் செய்யாது. கடையிலிருந்து எடுத்துவரும்போது தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக் வைத்து, நடுவில் ஒரு துணியோ காகிதமோ கொடுத்து, ஊசி ஐஸைத் தொடாமல் வையுங்கள். வீட்டில் ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள், கதவில் வேண்டாம். குலுக்கவே கூடாது.

பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். மாதம் 1 முதல் 2 கிராம் ஏறினால் நல்ல வேகம். இரண்டு வாரத்துக்குள் 1 கிராமுக்கு மேல் ஏறினால் மருந்தை 25 சதவீதம் குறைக்க வேண்டும், ஏனென்றால் அந்த வேகத்தில் ரத்த அழுத்தம் எகிறும், வலிப்பு வரலாம். நான்கு வாரத்தில் 1 கிராம்கூட ஏறவில்லை என்றால் 25 சதவீதம் கூட்டலாம். வாரத்துக்கு வாரம் அளவை மாற்றினால், நேற்றைய ஊசியின் பலன் இன்னும் வராத நிலையில் அடுத்ததைக் கூட்டிவிடுகிறோம். எண் 12-ஐத் தொட்டதும் அடியோடு நிறுத்துவதும் அப்படித்தான். இரண்டு மாதத்தில் 8-க்கு வந்து நிற்கும். குறைக்க வேண்டும், நிறுத்தத் தேவையில்லை.

14 ஏன் வேண்டாம்?

எல்லோருக்கும் இயல்பான எண்ணைச் சிறுநீரக நோயாளிக்கும் கொடுத்துவிடலாம் என்றுதான் மருத்துவர்களும் நம்பினார்கள். 1998-இல் இதய நோயுள்ள டயாலிசிஸ் நோயாளிகளிடம் இதைச் சோதித்த அமெரிக்க ஆய்வை இடையிலேயே நிறுத்த நேர்ந்தது. இயல்பு நிலைக்கு ஏற்றிய குழுவில் மரணமும் மாரடைப்பும் கூடுதலாகவே இருந்தன, ஃபிஸ்டுலா அடைப்பும் அதிகம். 2006-இல் கொயர் (CHOIR) ஆய்வு 1,432 பேரிடம் 13.5-ஐயும் 11.3-ஐயும் இலக்காக வைத்து ஒப்பிட்டது. உயர்ந்த இலக்கில் பாதிப்பு கூடியது, வாழ்க்கைத் தரம் கூடவில்லை. 2009-இல் சர்க்கரையும் சிறுநீரக நோயும் உள்ள 4,038 பேரிடம் நடந்த ட்ரீட் ஆய்வில், 13-ஐ இலக்காக வைத்த குழுவில் 101 பேருக்கும் மற்றக் குழுவில் 53 பேருக்கும் பக்கவாதம் வந்தது.

ரத்தம் கெட்டிப்படுவதா, அழுத்தம் கூடுவதா, இபிஓவை அள்ளிக் கொடுப்பதே நஞ்சாகிறதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. நடைமுறையில் முடிவு தெளிவு: 10-க்கும் 11.5-க்கும் இடையே நிறுத்துங்கள், 13-ஐத் தாண்ட வேண்டுமென்றே முயலாதீர்கள். ரிப்போர்ட்டில் 11.2-க்குப் பக்கத்தில் 'குறைவு' என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும். ஆய்வகத்தின் கணினிக்கு உங்கள் சிறுநீரகத்தைப் பற்றித் தெரியாது. உங்களுக்கு அது சரியான எண்.

மருந்துப் பகுதியைச் சுருக்கினால்: வேறு காரணம் இருக்கிறதா என்று பார், இரும்பை நிரப்பு, பிறகு இபிஓ, மெதுவாக ஏற்று, 11.5-க்குள் நில்.

ஊசி போட்டும் ஏறவில்லை என்றால்

அளவை இரட்டிப்பாக்குவது சுலபமான வழி, தவறான வழி. முதலில் ஊசி உண்மையில் போடப்படுகிறதா, குளிரில் இருந்ததா என்று கேட்க வேண்டும். காசு இல்லாத மாதங்களில் ஊசியை விட்டுவிட்டு வெளியே சொல்லக் கூசுபவர்கள் நிறையப் பேர். அடுத்தது இரும்பு. அதற்கும் அடுத்தது ஒளிந்திருக்கும் தொற்று: கழுத்தில் மாதக்கணக்கில் கிடக்கும் டயாலிசிஸ் குழாய், வேலை செய்யாமல் உள்ளேயே விட்டிருக்கும் பழைய மாற்றுச் சிறுநீரகம், சொத்தைப் பல், காசநோய். அழற்சி இருக்கும்வரை ஹெப்சிடின் கதவைத் திறக்காது, மஜ்ஜையும் இபிஓவுக்குச் செவிசாய்க்காது. வாரம் மூன்று முறை வேண்டிய டயாலிசிஸை இரண்டாகக் குறைத்துக்கொள்வதும் இதே பலனைத்தான் தரும். கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோன் மிகைப்பட்டால் மஜ்ஜையே தழும்பேறும்.

மிக அரிதாக ஒன்று நடக்கும். நன்றாக ஏறிக்கொண்டிருந்த எண் வாரத்துக்கு அரை முதல் 1 கிராம் வீதம் சரியும்; வெள்ளையணுவும் தட்டணுவும் இயல்பாகவே இருக்க, ரெட்டிகுலோசைட் மட்டும் கிட்டத்தட்ட மறைந்துவிடும். உடம்பு இபிஓவுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் உண்டாக்கிவிட்டது என்று அர்த்தம். எல்லா வகை இபிஓ ஊசியையும் அன்றே நிறுத்த வேண்டும். பிராண்டை மாற்றிப் பார்ப்பது உதவாது.

மாத்திரையாக வந்த புதிய வழி

ஆக்சிஜன் குறைவதைச் செல்கள் உணர்வது ஹிஃப் என்ற புரதத்தால். ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது ஒரு நொதி ஹிஃப்பைக் குறியிட்டு அழிக்கவைக்கும். ஆக்சிஜன் குறைந்தால் அழிப்பு நின்று, ஹிஃப் இபிஓ மரபணுவை இயக்கும். இதைக் கண்டறிந்த கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நொதியைத் தடுக்கும் மாத்திரைகள்தான் ராக்ஸாடுஸ்டாட், டாப்ரோடுஸ்டாட், வடாடுஸ்டாட். இந்தியாவில் 2022-இல் டெசிடுஸ்டாட் அனுமதி பெற்றது. வாரம் மூன்று முறை விழுங்குவது. ஃப்ரிட்ஜ் வேண்டாம், ஊசி வேண்டாம் என்பது நம் ஊருக்குப் பெரிய வசதி. 11.5 என்ற எல்லை இதற்கும் உண்டு, இரும்பும் இதற்கும் வேண்டும். புற்றுநோய், ரத்தக்கட்டு, கர்ப்பம் இருந்தால் ஆகாது. மாத்திரைதானே என்று கடையில் தானாக வாங்கிப் போடும் மருந்தல்ல.

ரத்தம் ஏற்றுவது எப்போது?

ஒரு பை ரத்தம் ஹீமோகுளோபினைச் சுமார் 1 கிராம் ஏற்றும். சில வாரங்களில் அந்தச் சிவப்பணுக்கள் தீர்ந்துவிடும். அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. பிறர் செல்களைப் பார்த்த உடம்பு அவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள்களைச் செய்துவைத்துக்கொள்ளும். பிறகு சிறுநீரகம் தர முன்வரும் தங்கையுடையதே பொருந்தாமல் போகலாம். வெள்ளையணுக்களை வடிகட்டிய ரத்தம் இந்த அபாயத்தைக் குறைக்கும், நீக்காது. ஒவ்வொரு பையிலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பும், கூடவே பொட்டாசியமும் நீரும் உள்ளே போகின்றன. ஆகவே ரத்தப்போக்கு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்று காத்திருக்க முடியாத நேரத்துக்கு மட்டும் ரத்தம். டயாலிசிஸ் ஓடும்போதே ஏற்றினால் கூடுதல் நீரும் பொட்டாசியமும் அப்போதே வெளியேறிவிடும்.

மாதுளையும் பீட்ரூட்டும்

மாதுளை 100 கிராமில் இரும்பு அரை மில்லிகிராம்கூட இல்லை. பொட்டாசியம் 200 மில்லிகிராமுக்கு மேல். பேரீச்சையில் இரும்பு சுமார் 1 மில்லிகிராம், பொட்டாசியம் 650-க்கும் மேல். பீட்ரூட்டின் சிவப்பு ஒரு நிறமி, அதற்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை. முருங்கைக்கீரையில் இரும்பு உண்டு, ஆனால் கீரை இரும்பில் குடல் எடுத்துக்கொள்வது சிறு பங்குதான். பொட்டாசியம் ஏற்கெனவே 5.5 இருப்பவர் தினம் ஒரு தம்ளர் பீட்ரூட் மாதுளைச் சாறு குடித்தால், ஹீமோகுளோபின் ஏறுவதற்கு முன் இதயத்துடிப்பு தடுமாறும். கீரை வேண்டுமென்றால் நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அளவாகச் சாப்பிடலாம். டயாலிசிஸ் செய்பவர்களுக்குப் புரதம் குறையக் கூடாது என்பதால் முட்டை வெள்ளைக்கரு, மீன், கோழி இவற்றுக்கு இடம் உண்டு. அயச்செந்தூரம் போன்ற சித்த மருந்துகளை எடுப்பவர்கள் அதை மறைக்காமல் சிறுநீரக மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரும்புக் கணக்கில் அதுவும் சேரும்.

மாற்றுச் சிறுநீரகம் வந்த பிறகு

புதிய சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கினால் ஆர்டரும் வரத் தொடங்கும். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் ஹீமோகுளோபின் தானே இயல்புக்கு வந்துவிடும். அறுவை சிகிச்சையில் போன ரத்தமும் மைக்கோஃபினோலேட் போன்ற எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்துகளும் அதைக் கொஞ்சம் தாமதமாக்கலாம். சிலருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள், எண் நிற்காமல் 17-ஐயும் தாண்டிப் போகும். ரத்தம் கெட்டியாகித் தலைவலி, முகச்சிவப்பு, ரத்தக்கட்டு என்று அதற்கும் தொல்லை உண்டு. முன்பெல்லாம் அதற்கு ரத்தத்தை வெளியே எடுத்துவிடுவார்கள். இப்போது ரத்த அழுத்த மாத்திரைகளான லோசார்டன் அல்லது எனலாப்ரில் குறைந்த அளவில் கொடுத்தால் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் இறங்கிவிடுகிறது. இவற்றைத் தொடங்கியபின் பொட்டாசியத்தையும் கிரியேட்டினினையும் ஒன்றிரண்டு வாரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.